நிறுத்தியவை

எங்கள் தொழிலில் ஒரு சாபக்கேடு உண்டு. இணையம் வந்தால் அது கம்பெனியின் பெருமை. நின்றால் இந்தத் தளவாயின் அலட்சியம். பாளையங்கோட்டையில் கேபிள் இழுத்து, ரூட்டர் மாட்டி, ஏணியில் ஏறி இறங்கிப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது எனக்கு. இத்தனை வருடத்தில் என் மேல் வந்த புகார்களில் முக்கால்வாசி பொய். ஒன்று மட்டும் நிஜம். அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

செண்பகவல்லி அம்மாவை மார்க்கெட் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுக்குப் பேர்போன மெஸ் நடத்தியவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். இலையில் சோற்றை மிச்சம் வைத்த வக்கீல் ஒருவரை, "நாளையிலருந்து நீங்க வேற கடை பாத்துக்கிடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். நானும் அங்கே பத்து வருடம் சாப்பிட்டவன், திட்டும் வாங்கியவன். அப்படிப்பட்டவருக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. இரண்டு வருடம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. மெஸ்ஸையும் மூடியாயிற்று.

அப்புறம்தான் ஆஸ்பத்திரிகளில் பேச்சுப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வட்டாரத்தில் பதினேழு வீடுகளுக்கு வந்தது. பதினேழையும் மாட்டியது எங்கள் கேபிள் ஆட்கள்தான்.

பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று மனதில் வாக்கியம் உருவாகும்போதே பட்டை அதைப் பிடித்துவிடும். உடனே பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால், அவர்களுடைய பழைய குரலிலேயே பெட்டி பேசும். அழுத்தாமல் ஐந்து விநாடி விட்டால் விளக்கு அணைந்துவிடும். பேச்சு வெளியே வராது. ஆனால் வாக்கியம் அழிந்துபோகாது. பெட்டிக்குள் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று பேசியவை. இன்னொன்று நிறுத்தியவை.

நிறுத்தியதை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெட்டி தப்பாகப் புரிந்துகொண்டதால் அழுத்தவில்லையா, அல்லது ஆளுக்கே சொல்ல மனமில்லையா என்று வாரம் ஒருமுறை யாராவது பார்த்துக் குறி போட வேண்டும். போட்டால்தான் பெட்டி தேறும். இல்லாவிட்டால் மக்குப் பிள்ளையாகவே இருக்கும்.

இதற்காகவே சட்டம் ஒன்று வந்தது. ஒரு மனிதர் சொல்லாமல் விட்ட வார்த்தை அவர் வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது. எந்தக் கம்பெனியும் அதை வாங்கி வைக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் பெயரோ முகவரியோ இருக்கவே கூடாது. பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைப்பதற்குக் காரணம் அதுதான். நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதை மீறியவன் சொல்கிறேன்.

மே மாதம், செண்பகவல்லி அம்மாவின் மகள் உலகம்மை, எங்கள் வாயில் உலகு, என்னைக் கூப்பிட்டாள். ஒரே மகள். கோவாவில் பனிக்கடல் ஆராய்ச்சி. இரண்டு வாரம் லீவில் வந்து அம்மாவுக்குப் பெட்டி பழக்கிவிட்டு, மறுநாள் கிளம்ப வேண்டும்.

"அண்ணே, வாரா வாரம் இதுக்குக் குறி போடணுமாம். செல்லக்கனி அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். நான் கோவாவுல இருந்தே பாத்துப் போடுத மாதிரி வழி பண்ணிக் குடுங்க."

செல்லக்கனி, அம்மா கூடவே இருந்து பார்த்துக்கொள்பவள்.

"சட்டப்படி அது கூடாதேம்மா."

"கம்பெனி பாக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? நான் மகண்ணே."

மகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்றுதான் எனக்கும் பட்டது.

"சரி, அது என்ன பெரிய வித்தையா? வீட்டுல நெட் இருக்கு. எனக்கு அங்க நெட் இருக்கு. நேரா வந்துறலாம்லா?"

"வந்துற முடியாது தாயி. நம்ம ஏரியாவுல அறுநூறு வீட்டுக்கும் சேத்து வெளிய ஒரே விலாசந்தான். பெரிய அபார்ட்மெண்டுன்னு வச்சுக்கோ. வாசல்ல ஒரே ஒரு நம்பர். உள்ள அறுநூறு கதவு. உள்ள இருக்கவன் எப்ப வேணும்னாலும் வெளிய போலாம், ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அதனாலதான் அம்மா பெட்டில இருந்து ஒனக்குப் போன் வருது. ஆனா வெளிய இருந்து ஒருத்தன் வந்தா வாட்ச்மேன் நிறுத்திருவான். எந்த வீட்டுக்குன்னு அவனுக்குத் தெரியாதுல்லா?"

"வாட்ச்மேன் யாரு?"

"எங்க ஆபீஸ்ல இருக்க பெரிய ரூட்டர். அவங்கிட்ட எழுதி வைக்கணும். 'இந்த எண்ணைச் சொல்லிட்டு வந்தா நாப்பத்தொண்ணாம் கதவுக்கு அனுப்பு'ன்னு. அப்புறம் வீட்டு ரூட்டர்லயும் 'வர்றவனப் பெட்டிகிட்ட விடு'ன்னு இருக்கணும். அது எல்லாப் பெட்டி வீட்டுலயும் மாட்டும்போதே எழுதிருவோம்."

"அப்ப யாரு வேணும்னாலும் வந்துருவாங்களே?"

"பாஸ்வேர்டு இருக்கே."

இருந்தது. பதினேழு பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஒரு வீட்டுக்கு நான் போக முடியாத அன்று வேறொருவன் போனால் திண்டாடக் கூடாது என்று எல்லாவற்றிலும் அதையே வைப்போம். வேலை சுலபம். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. "என்னல பண்ணுதீங்க ரெண்டு பேரும்?"

"பெட்டிய நான் அங்கருந்து சரிபாக்கதுக்கு வழி போடுதோம்மா."

"எதப் பாப்ப?"

உலகு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "நீ பேசுததத்தாம்மா."

"பேசினதப் பாத்துக்கோ. எனக்கென்ன?"

பேசியதை மட்டும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு ரூட்டரின் திருகைத் தேவைக்கு மேலேயே முறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சோதித்துப் பார்த்தோம். சரியாக வேலை செய்தது.

மறுநாள் அவள் போய்ச் சேர்ந்த சாயங்காலம் கோடை இடி விழுந்து ஏரியா முழுக்கக் கரண்ட் போயிற்று. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதோடு எனக்கு அந்த விஷயம் மறந்தும் போயிற்று.

கோவா போனபின் உலகு ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மாவிடம் பேசினாள். வாரா வாரம் நிறுத்தியவை பட்டியலைத் திறந்து குறியும் போட்டாள். ஆகஸ்டில் அவளுக்குப் பெரிய செய்தி வந்தது. தென்துருவத்துக்குப் போகிற குழுவில் தேர்வாகிவிட்டாள். பதினான்கு மாதம் அங்கேயே இருந்து பனியைத் துளைத்து எடுக்கிற வேலை. ஆறு வருடமாக அதற்காகத்தான் உழைத்திருக்கிறாள். டிசம்பர் பத்தாம் தேதி கப்பல். கப்பல் போய்விட்டால் பதினான்கு மாதத்துக்கு நடுவில் திரும்பி வருவதற்கு வழியே கிடையாது. டாக்டரோ, அம்மாவுக்கு இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்காது என்று சொல்லியிருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபரில் ஒருநாள் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, அம்மாவ நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவீங்களா?"

போனேன். அம்மா நன்றாகத்தான் இருந்தார். போனதும் திட்டு. "ஏல தளவாய், என்ன பெட்டி குடுத்த நீ? நாலுதடவ நினைச்சா ஒருதடவதான் சரியா வருது. சவம், நாளாக ஆகத் தேறும்னு சொன்ன. அப்படியேல்லா கெடக்கு!" என்றார். உலகு குறி போடுகிறாளே, அப்படி இருக்காதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வயதானவர்கள் எல்லாவற்றையும் குறை சொல்வார்கள் என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல தாயி. என்னய ஏசுத அளவுக்குத் தெம்பா இருக்காங்க."

"ஒங்ககிட்ட அப்படித்தான் இருப்பாங்க. எங்கிட்டயும் 'போயிட்டு வா ஏட்டி, ஜெயிச்சுட்ட'ன்னுதான் சொல்லுதாங்க. உள்ள இருக்கது எனக்குத்தான் தெரியும்."

அப்புறம் அவள் படித்துக் காட்டினாள்.

"'மகளப் பாக்கணும் போல இருக்கு.' 'கேட்டா அவ பொழப்பக் கெடுத்த மாதிரி ஆயிரும், கேக்கக் கூடாது.' 'இந்தக் கட்டில்லயே போயிருவேன், அவ வர்றதுக்குள்ள.' இன்னும் இருக்குண்ணே. தெனமும் இருக்கு. நான் என்ன செய்ய?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ரூட்டர்காரனிடம் யார் ஆலோசனை கேட்டார்கள்? ஆனால் எனக்குத்தான் ஊர் நியாயம் பேசாவிட்டால் சோறு இறங்காதே.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? பெத்தவளவிடவா பனிக்கட்டி பெருசு? அது எங்கயும் ஓடிப்போகாது. வந்துரு."

"அதுதாண்ணே ஓடிப்போய்க்கிட்டு இருக்கு. அதப் பாக்கத்தான் போறோம்" என்றாள்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி உலகு ஊருக்கு வந்துவிட்டாள், குழுவில் இருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு. இரண்டாம் தேதிக்குள் அவள் இடத்துக்கு வேறொருவரை உறுதி செய்துவிடுவார்கள் என்றாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "நீங்க கொஞ்சம் வாங்கண்ணே. இங்க ஒரே ரகளை."

நான் போனபோது செல்லக்கனி வாசலில் நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெட்டி முழுச் சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தது.

"ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? நான் கூப்பிட்டனா? வா வான்னு தந்தி அடிச்சனா?"

"கூப்பிடலம்மா."

"பின்ன என்னத்துக்கு வந்த? ஆறு வருசம் படிச்சது இங்க உக்காந்து எனக்குப் படுக்க விரிக்கதுக்கா?"

உலகு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். "நீ சொல்லாம வைக்கதெல்லாம் எனக்குத் தெரியும்மா. ஆறு மாசமாப் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

செண்பகவல்லி அம்மாவின் முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதி என் பக்கம் திரும்பியது. நான் சுவரைப் பார்த்தேன். செய்த காரியத்தின் அசிங்கம் அப்போதுதான் முழுசாக எனக்கு உறைத்தது. ஒரு தாயின் நெஞ்சுக்கு வாசல் வைத்துவிட்டு, அவளிடமே அதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

"எதப் படிச்ச? காட்டு."

உலகு போனைத் திறந்து அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அம்மா படித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. கடைசியில் கட்டைவிரல் அழுத்தியது.

"இது நான் இல்ல."

"அம்மா, பொய் சொல்லாத."

"ஏட்டி, நான் ஏன் பொய் சொல்லணும்? இது நான் நினைச்சது இல்ல. இப்ப பாரு. நான் ஒண்ண நினைக்கேன், அழுத்தமாட்டேன். அந்தப் போன்ல வருதான்னு பாரு."

விளக்கு எரிந்தது. நாங்கள் மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து விநாடி. விளக்கு அணைந்தது. போனில் எதுவும் வரவில்லை.

"வரலல்லா?" என்றார் அம்மா.

"நெட் மெதுவா இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பட்டியலின் தலையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. 'காலை ஜெபத்துக்குக்கூட ஆள் வரல இன்னைக்கு.'

அம்மாவின் பெட்டியில் விளக்கே எரியவில்லை. அந்த வீட்டில் பூஜை அறையில் நெல்லையப்பர் படமும் காந்திமதி படமும் இருக்கின்றன. ஜெபத்துக்கு யார் வருவார்கள்? முன்பு இப்படி வந்த ஒன்றிரண்டைப் பெட்டியின் தப்பு என்று உலகு தள்ளியிருக்கிறாள். வேறு எங்கேயோ, வேறு ஒரு கட்டிலில், யாரோ ஒரு தாய் அந்த நிமிடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அதை நாங்கள் மூன்று பேர் படித்துக்கொண்டு நிற்கிறோம்.

"அந்தக் கரண்ட் போன அன்னைக்கு" என்று நிறுத்தினேன்.

"என்னண்ணே? முழுசாச் சொல்லுங்க."

"வாட்ச்மேன் கதவு நம்பர நிலையா வைக்கமாட்டான் தாயி. கரண்ட் போய் வந்தா எல்லாத்தையும் மாத்திக் குடுத்துருவான். நாப்பத்தொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போயிரும். அப்படி மாறாம, இந்த வீட்டுக்கு இந்த நம்பர்தான்னு கட்டி வைக்கணும். ரெண்டு நிமிச வேலை. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"அப்ப பாஸ்வேர்டு? அது எப்படி வேற வீட்டுல ஒத்துக்கிட்டுச்சு?"

சொன்னேன். எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான் என்பதையும் சொன்னேன். பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள் இல்லையா, அதனால் அவளுக்கும் கண்டுபிடிக்க வழியில்லை. உலகு என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு அந்தப் பொம்பளை? மொதல்ல அவளப் போய்ப் பாருங்க" என்றது பெட்டி.

ஆபீஸில் போய்ப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் கதவு மே மாதத்தில் இருந்து சாந்தி நகரில் ஞானசௌந்தரி அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரிட்டயர்டு நர்ஸ். மகள் கனடாவில் இருக்கிறாள். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். உலகு கேட்கவில்லை. "ஆறு மாசம் அவங்களத்தாண்ணே படிச்சிருக்கேன். நான் வராம எப்படி?" என்று என் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஞானசௌந்தரி அம்மா மெலிந்து, சுத்தமான வெள்ளைப் புடவையில், தலையணையில் சாய்ந்திருந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். முடிந்ததும் உலகுவைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் படிச்சியாம்மா?"

"படிச்சேன்."

"ஆகஸ்ட் மாசத்துலயுமா?"

"ம்."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆகஸ்டில் என்ன நினைத்தார் என்று உலகு எனக்கு இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

"குறி போட்டதும் நீதானா? இங்க ஒருத்தரும் போடலையே, எப்படி இவ்வளவு நல்லாப் பேசுதுன்னு நினைப்பேன்."

உலகு தலையாட்டினாள்.

"படிச்சிட்டு என்ன செஞ்ச?"

"எங்கம்மான்னு நினைச்சு வேலைய விட்டுட்டு வந்துட்டேன்."

சிவப்பு விளக்கு மூன்று தடவை எரிந்து எரிந்து அணைந்தது. நாலாவது தடவைதான் பட்டன் அழுத்தப்பட்டது.

"எம் மககிட்ட நான் ஒருநாளும் வான்னு கேட்டதில்ல. கேட்டு, அவ வராமப் போயிட்டா என்ன செய்யன்னு பயம். கேக்காமலே ஒருத்தி வந்திருக்கா. யாரு பெத்த பிள்ளையோ."

உலகு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் "இப்பவே அந்த வழிய அடைச்சிருதேன்மா. பாஸ்வேர்டும் மாத்திருதேன்" என்றேன்.

"அடைக்கத்தான் வேணுமா தம்பி?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அடைக்கணும்மா. சட்டம் அப்படி" என்றேன். மே மாதம் எங்கே போயிருந்ததோ அந்தச் சட்டம். அடைத்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அந்த வாரம் முடிவதற்குள் பதினேழு வீட்டுக்கும் போய்ப் பதினேழு பாஸ்வேர்டு போட்டேன். அதையெல்லாம் சொல்லிப் பெருமைப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

திரும்பி வந்ததும் உலகு பின்கட்டுக்குப் போய் கோவாவுக்குப் போன் போட்டாள், தன் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க. செண்பகவல்லி அம்மாவின் பெட்டிக்கு ஆறு மாதமாக யாருமே குறி போடவில்லை. அதைச் சரிசெய்து தருகிறேன், இனி வாரா வாரம் நானே நேரில் வந்து, இந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

"பாக்காமப் போட முடியாதால?" என்று கேட்டார் அம்மா.

"முடியாதும்மா."

"சரி, பாரு. வெளிய வாயத் தொறந்த, தொலைச்சிருவேன்."

மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, நிறுத்தியவை பட்டியலைத் திறந்தேன்.

நிறையத் தப்புகள்தான். செல்லக்கனியைத் திட்டியது, குழம்பில் புளி கூடியது, பாதியில் அறுந்த வாக்கியங்கள். ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டே வந்தேன். ஆகஸ்ட் பதினாலாம் தேதிக்கு வந்தேன். மகள் தேர்வான செய்தியைச் சொன்ன நாள். பேசியவை பட்டியலில் 'போயிட்டு வா ஏட்டி, ஜெயிச்சுட்ட' என்று இருந்தது. நிறுத்தியவை பட்டியலில் அதே நிமிடத்தில் ஒரே ஒரு சொல். 'போகாத.'

அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். மகள் போன் போட்ட ஒவ்வொரு நாளும், 'சாப்பிட்டியா', 'குளிருக்குத் துணி எடுத்துட்டியா' என்று பேசியதற்கு நடுவில் எல்லாம் அந்தச் சொல் இருந்தது. எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். அன்றைய தேதியில், மகளைத் திட்டித் தீர்த்த அந்தக் காலையில், இப்படி இருந்தது: 'வந்துட்டா. தாயே காந்திமதி, எம்புள்ள வந்துட்டா.' அதற்குக் கீழே: 'இது அவளுக்குத் தெரியவே கூடாது.'

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரியவில்லை.

உலகு உள்ளே வந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "ஒத்துக்கிட்டாங்க அண்ணே. மூணாம் தேதி ரயில் ஏறுனாப் போதும்" என்றாள். அப்புறம் என் மடிக்கணினியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாக்கமாட்டேன். ஒருதடவ பட்டது போதும். நீங்க மட்டும் சொல்லுங்க. அம்மாவோடதுல எனக்குன்னு எதாவது இருக்கா? இருக்குன்னு சொன்னாக்க நான் போகல."

அவள் கையில் போன் இன்னும் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பயணம் நின்றுவிடும். அம்மா தனியாகக் கண்ணை மூடமாட்டார். நான் அக்டோபரில் பேசிய ஊர் நியாயம் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. இந்தத் தடவை வீடும் சரியான வீடு, தாயும் சரியான தாய். ஆனால் அந்தக் கட்டைவிரல் ஒரு தடவைகூட அந்தச் சொல்லுக்கு அழுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் சந்தர்ப்பம் இருந்தும் அழுத்தவில்லை. அழுத்தாததைச் சொல்ல நான் யார்?

"ஒண்ணுமில்ல தாயி" என்றேன். "புளி, தேங்கா, செல்லக்கனிக்கு ஏச்சு. எனக்கும் ரெண்டு ஏச்சு இருக்கு. ஒன்னப் பத்தி ஒண்ணும் இல்ல."

"நெசமாவா?"

"எங்கம்மா சத்தியமா."

என் அம்மா செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மன்னித்துவிடுவாள்.

மூன்றாம் தேதி காலையில் ஜங்ஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வீட்டில் கிளம்பும்போது உலகு அம்மாவின் நெற்றியில், பட்டைக்கு மேலே முத்தம் கொடுத்தாள். "போயிட்டு வாரேம்மா." அம்மா உடனே பட்டனை அழுத்தினார். "வெரசாக் கெளம்பு. வண்டிய விட்டுறாத."

ரயில் போனதும் நான் நேரே வேலைக்குப் போயிருக்கலாம். மனசு கேட்காமல் மறுபடி அந்த வீட்டுக்கே வந்தேன். செல்லக்கனி அடுப்படியில் இருந்தாள். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாம்மா. சன்னலோரம் சீட்டு."

"அழுதாளா?"

"இல்ல. சிரிச்சிக்கிட்டுத்தான் போனா." அதுவும் பொய்.

பெட்டி மறுபடி பேசியது. "தளவாய், அந்தப் பட்டியல அழிச்சிரு. ஒரு வரி இருக்கக் கூடாது. எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, அவ வந்து தேடுவா."

மடிக்கணினியை எடுத்து இணைத்தேன். மே மாதம் தொடங்கி அன்று காலை வரைக்கும் எல்லாவற்றையும் அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது.

"அழிச்சிட்டியா?"

"ஆச்சும்மா."

மூடுவதற்காகக் கையை வைத்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து விநாடி எரிந்துவிட்டு அணைந்தது. வெள்ளைப் பக்கத்தின் தலையில் ஒரு வரி வந்து நின்றது.

'எம்புள்ள போயிட்டா.'

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அதையும் அழித்தேன்.